பொருள் வரைவும் பொம்மைப் பெட்டியும்

இல்லறத்தார் மேற்கொள்ளும் ஐந்து அணுவிரதங்களுள் இறுதியில் வைத்து எண்ணப்படுவது பரிக்கிரகப் பரிமாணம். இதனைப் பொருள் வரைதல் என்றும், மிகுபொருள் விரும்பாமை என்றும் தமிழில் வழங்குவர். இவ்விரதத்தை விளக்கும்போது நிலம், வீடு, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், ஆடை, கலன் என்று பெரியவர்களின் உடைமைகளை வரிசைப்படுத்திக் கூறுவது மரபு. பெரும்பாலும் உழவுத்தொழில் செய்து வாழ்ந்த நம் முன்னோர்க்கு அவ்வரிசை பொருத்தமாகவே இருந்தது. இவ்விதழின் பாடத்தில் அவ்வரிசையில் இடம்பெறாத ஒரு சிறு பொருளை எடுத்துக்கொள்வோம். அது குழந்தை சேர்த்து வைக்கும் விளையாட்டுப் பொருள்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு ஒரு பாடம் வேண்டுமோ என்று வாசகர் வினவலாம். பரிக்கிரகம் என்பது பொருளின் அளவைக் கொண்டு அறியப்படுவதன்று. அப்பொருளின்மேல் உண்டாகும் மூர்ச்சை, அதாவது தன்னை மறந்த பற்று, அதுவே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் விளக்குகிறது. அவ்வாறாயின் பத்துக் காணி நிலத்தின்மேல் தந்தைக்குள்ள பற்றும், ஒரு வட்ட அட்டையின்மேல் மகனுக்குள்ள பற்றும் இயல்பால் ஒன்றே. அளவு காணும் பழக்கமோ அளவின்றிச் சேர்க்கும் பழக்கமோ இளமையிலேயே வேர்கொள்கிறது. ஆதலின் அவ்விடத்திலிருந்தே தொடங்குவோம்.

1. எஞ்சியதைச் சேர்த்த காலம்

செங்கற்பட்டு மாவட்டத்தின் தென்கிழக்கே கடலையொட்டி அமைந்தது செய்யூர் வட்டம். உப்பங்கழியும், உப்பளங்களும், பக்கிங்காம் கால்வாயும், பனைமரங்களும் நிறைந்த பகுதி அது. இங்கும் இதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வளர்ந்த குழந்தைகள் எவற்றைச் சேர்த்தனர் என்று முதியோரைக் கேட்டால் ஒரு நீண்ட பட்டியல் கிடைக்கும். கரையில் ஒதுங்கிய சோழியும் கிளிஞ்சலும், பல்லாங்குழிக்கு உதவும் புளியங்கொட்டை, குன்றிமணி, நுங்கு உண்டபின் வண்டியாகும் பனங்கூந்தல், திரையரங்கிலிருந்து வந்த படச்சுருள் துண்டு, சோடாப் புட்டியின் மூடி, தீப்பெட்டிப் படம் ஆகியவை அப்பட்டியலில் முன்னிற்பன.

இவற்றுள் தீப்பெட்டிப் படத்திற்கு ஒரு வரலாறு உண்டு. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922-ஆம் ஆண்டு கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன்பின் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலும், அதைத் தொடர்ந்து அச்சுத் தொழிலும் வளர்ந்தன. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் பெட்டியை எளிதில் அடையாளம் காண ஒரு படத்தை அச்சிட்டனர். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லிப் பெட்டியைக் கேட்டு வாங்கலாம் அல்லவா? மயில், யானை, கப்பல், விமானம், தலைவர்கள் எனப் பலவகைப் படங்கள் வந்தன. வீட்டு அடுப்படியில் குச்சி தீர்ந்தபின் பெட்டி குழந்தையின் கைக்கு வந்தது. குழந்தை படத்தைக் கிழியாமல் பிரித்தெடுத்து ஏட்டில் ஒட்டியது.

இப்பட்டியலில் உள்ள பொருள்களுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. அவை பயன்பட்டு எஞ்சியவை, அல்லது இயற்கையில் உதிர்ந்தவை. தீப்பெட்டிப் படத்திற்காக எந்தத் தாயும் கூடுதலாகத் தீக்குச்சி கிழித்ததில்லை. நுங்கு வண்டிக்காக எவரும் பசியின்றி நுங்கு உண்டதில்லை. வீட்டின் தேவையே சேகரிப்புக்கு எல்லையாக நின்றது. பொருள் வரைவு என்னும் சொல்லை அறியாமலேயே குழந்தைகள் ஒரு வரைவுக்குள் விளையாடினர்.

2. சேர்ப்பதற்காக வாங்கிய காலம்

குழந்தையின் இந்த இயல்பை வணிகம் கண்டுகொண்டது அண்மைக் காலத்தில் அன்று. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சிகரெட்டு உறை நசுங்காதிருக்க உள்ளே ஓர் அட்டை வைத்தனர். பின் அவ்வட்டையில் நடிகையர், விளையாட்டு வீரர், பறவை, கொடி ஆகியவற்றின் படங்களை வரிசை எண்ணுடன் அச்சிட்டனர். இங்கிலாந்திலும் அவ்வழக்கம் பரவியது. வரிசை எண் இட்டவுடன் நிகழ்ந்த மாறுதலைக் கருதிப் பார்க்க வேண்டும். எண் இல்லாத படம் தன்னளவில் நிறைவுடையது. 17 என்று எண்ணிட்ட படமோ, 16-உம் 18-உம் எங்கே என்று கேட்கத் தூண்டுகிறது. கையிலுள்ளது தரும் மகிழ்ச்சியைவிடக் கையில் இல்லாதது தரும் குறை பெரிதாகிவிடுகிறது.

நம் நாட்டில் 1991-ஆம் ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பிறகு இம்முறை விரைந்து பரவியது. பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படங்கள் முன்பே வந்திருந்தன. 1990-களில் மல்யுத்த வீரர்களின் உயரம், எடை, புயச் சுற்றளவு, வென்ற போட்டிகள் ஆகியவற்றை அச்சிட்ட 'டிரம்ப் கார்டு'கள் சிற்றூர்ப் பள்ளிகளிலும் புழங்கின. 1995-ஆம் ஆண்டு 'கார்ட்டூன் நெட்வொர்க்' ஒளிபரப்பு இந்தியாவுக்கு வந்தது. 1999-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியின்போது பிரிட்டானியா நிறுவனம் பிஸ்கட்டு உறைகளில் ஓட்டங்களை அச்சிட்டு, நூறு ஓட்டங்கள் சேர்த்தோர்க்குப் பரிசு வாய்ப்புத் தரும் திட்டத்தை நடத்தியது. 2003-ஆம் ஆண்டு 'போகிமான்' தொடர் இந்தியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே காலத்தில் வறுவல் உறைகளில் 'டாசோ' எனப்பட்ட வட்ட அட்டைகள் வந்தன. அதனையடுத்துச் சுழலும் 'பேபிளேடு' பம்பரங்கள் வந்தன. அத்தனையையும் சேர்ப்பதே வீரனின் கடமை என்பதுதான் போகிமான் கதையின் முழக்கமாகவும் இருந்தது.

இங்கே நம் நூல்கள் கூறும் மற்றொரு பாகுபாடு பயன்படுகிறது. ஒருமுறை துய்த்தவுடன் தீர்ந்துபோவது போகம். உணவு அதற்கு எடுத்துக்காட்டு. மீண்டும் மீண்டும் துய்க்கத்தக்கது உபபோகம். ஆடையும் அணிகலனும் அதற்கு எடுத்துக்காட்டு. இவ்விரண்டிற்கும் தனித்தனியே அளவு வகுத்துக்கொள்வது போகோபபோகப் பரிமாணம் என்னும் விரதம். வறுவல் உறையில் அட்டையை வைத்த வணிகம் இவ்விரண்டையும் ஒரே உறையில் கலந்துவிட்டது. பசி உணவுக்கு எல்லையிடும். அட்டையின்மேல் உள்ள ஆசைக்குப் பசி எல்லையிடாது. அட்டையை எடுத்துக்கொண்டு வறுவலைத் தோழனிடம் தள்ளிவிடும் குழந்தை, அல்லது பசியின்றியே இரண்டாவது உறையைப் பிரிக்கும் குழந்தை, தான் எதை வாங்குகிறது என்பதை அறியாது. அதனை எடுத்துக் கூறுதல் பெற்றோர் கடமை.

3. ஓர் எளிய கணக்கு

நம் இல்லங்களில் ஐந்தாம் ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளுடன் அமர்ந்து ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். ஒரு வரிசையில் 50 அட்டைகள் உள்ளன என்று கொள்வோம். ஓர் உறைக்கு ஓர் அட்டை. எல்லா அட்டைகளும் சம அளவில் கலந்துள்ளன. ஓர் உறையின் விலை 5 ரூபாய். ஐம்பதையும் சேர்க்க எத்தனை உறைகள் வாங்க வேண்டும்? பிள்ளைகள் உடனே 50 என்பர். சற்றுச் சிந்திப்போர் 60 அல்லது 70 என்பர்.

முதல் உறையில் வருவது எப்படியும் புதிய அட்டையே. இருபத்தைந்து அட்டைகள் கையில் சேர்ந்தபின், அடுத்த உறையில் புதியது வருவதற்கும் பழையது வருவதற்கும் சம வாய்ப்பு உண்டு. எனவே ஒரு புதிய அட்டைக்குச் சராசரியாக 2 உறைகள் வேண்டும். நாற்பத்தொன்பது சேர்ந்தபின், வேண்டியது ஒன்றே ஒன்று. அது வரும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. ஆகவே அந்த ஓர் அட்டைக்கு மட்டும் சராசரியாக 50 உறைகள் வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு படிக்கும் வேண்டிய உறைகளைக் கூட்டினால் மொத்தம் ஏறத்தாழ 225 ஆகும். செலவு 1,125 ரூபாய்.

இக்கூட்டுத்தொகையைப் பகுத்துப் பார்ப்பது அதனினும் பயன் தரும். முதல் 25 அட்டைகளுக்கு ஏறத்தாழ 34 உறைகள் போதும். அடுத்த 25-க்கு ஏறத்தாழ 191 உறைகள் வேண்டும். அவற்றுள்ளும் இறுதி 5 அட்டைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 114 உறைகள் செலவாகும். அதாவது மொத்தச் செலவில் பாதிக்குச் சற்று மேல், கடைசி ஐந்து அட்டைகளுக்காகவே போகிறது. பாதி சேர்க்க ஆன செலவு 170 ரூபாய். முழுமை என்னும் ஒரு சொல்லுக்காக ஆகும் செலவு 955 ரூபாய்.

ஆசை நிறைவை நெருங்க நெருங்க அதன் விலை ஏறுகிறது என்பதை இக்கணக்கு விரல்விட்டு எண்ணும் வகையில் காட்டிவிடுகிறது. 'இன்னும் ஐந்துதானே' என்று குழந்தை கெஞ்சும்போது பெற்றோரும் இரங்கிவிடுவர். அந்த ஐந்தே வழியின் பாதி என்பதை அறிந்திருந்தால் விடை கூறுவது எளிது.

இதே கணக்கில் மற்றொரு நற்செய்தியும் மறைந்துள்ளது. ஐந்து குழந்தைகள் தனித்தனியே ஐந்து வரிசைகளைச் சேர்க்க முயலாமல், ஐவருக்கும் பொதுவாக ஒரே வரிசை போதும் என்று கொண்டால், ஒருவர் பங்கு 45 உறைகள், அதாவது 225 ரூபாய் மட்டுமே. பகிர்ந்துகொள்ளும் மனம் வந்தவுடன் செலவு ஐந்தில் ஒன்றாகிவிடுகிறது. 'எனது' என்னும் சொல்லின் விலை எவ்வளவு என்று பிள்ளைகளுக்கு விளங்க இதைவிட எளிய பாடம் காண்பது அரிது.

4. மூடிய பெட்டி

மேற்கண்ட கணக்கில் எல்லா அட்டைகளும் சம அளவில் உள்ளன என்று கொண்டோம். வணிகர் சிலவற்றை வேண்டுமென்றே அரிதாக்கினால் நிலைமை வேறாகும். இன்றைய மூடிய பெட்டி வணிகம் அவ்வகையினது. உள்ளே என்ன பொம்மை உள்ளது என்று அறியாமலேயே வாங்குவோர் பணம் தருகின்றனர். சீனத்தில் 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாப் மார்ட் நிறுவனம் இம்முறையால் பெருவளர்ச்சி கண்டது. காசிங் லுங் என்னும் ஓவியர் 2015-ஆம் ஆண்டு தம் படக்கதைகளுக்காகப் படைத்த 'லபூபூ' என்னும் உருவத்தை அந்நிறுவனம் 2019 முதல் பொம்மையாக விற்றது. 2024-ஆம் ஆண்டு புகழ்பெற்ற பாடகி ஒருவர் அதனைத் தம் கைப்பையில் தொங்கவிட்டதைக் கண்டோர் கடைகளில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் நிறுவனத்தின் வருவாய் 1,300 கோடி யுவானைக் கடந்தது.

இப்பொம்மை வரிசைகள் சிலவற்றில் 'மறைபொம்மை' என ஒன்று உண்டு. அது கிடைக்கும் வாய்ப்பு எழுபத்திரண்டில் ஒன்று எனக் குறிக்கப்பட்டிருக்கும். எழுபத்திரண்டு பெட்டிகள் வாங்கினால் கட்டாயம் ஒன்று கிடைக்கும் என்று பலர் எண்ணுவர். அது பிழையான எண்ணம். வாய்ப்பு ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே அமைந்தால், எழுபத்திரண்டு பெட்டிகள் வாங்கிய நூறு பேரில் ஏறத்தாழ முப்பத்தாறு பேர் அப்பொம்மையைக் காணாமலேயே இருப்பர். இது சூதாட்டத்தின் அமைப்பு. நம் நெறி சூதினைப் பெருந்தீயொழுக்கங்களுள் முதலில் வைத்து விலக்கியது. பணயம் வைப்பவன் பெரியவனாக இருந்தால் மட்டுமே அது சூது என்று கொள்ள இடமில்லை. சீன அரசும் 2023-ஆம் ஆண்டு எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூடிய பெட்டிகளை விற்கலாகாது என்று நெறிமுறை வகுத்தது.

5. ஏறிய விலையும் இறங்கிய விலையும்

'சேர்த்து வைத்தால் பின்னாளில் விலை போகும்' என்பது பெரியவர்கள் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம். இதனை வரலாற்றைக் கொண்டு சோதிப்போம்.

அமெரிக்காவில் டை வார்னர் என்பவரின் நிறுவனம் 1993-ஆம் ஆண்டு 'பீனி பேபி' எனப்படும் சிறு துணிப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. சில உருவங்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டதாக அவ்வப்போது அறிவித்ததால் அவற்றின் மறுவிற்பனை விலை பன்மடங்கு உயர்ந்தது. குடும்பங்கள் சேமிப்பை எடுத்துப் பொம்மை வாங்கி அடுக்கின. 1999-ஆம் ஆண்டு மணமுறிவு பெற்ற ஒரு கணவனும் மனைவியும் லாஸ் வேகாஸ் நீதிமன்றத் தரையில் குந்தி, நீதிபதியின் முன்னிலையில், தம் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கிட்டுக்கொண்டனர். அந்நிகழ்ச்சியின் நிழற்படம் உலகெங்கும் பரவியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் விலை வீழ்ந்தது. எல்லோரும் சேர்த்து வைத்த பொருள் அரிய பொருளாக எவ்வாறு இருக்க இயலும்? அரிதானது என்று நம்பிப் பலர் சேர்ப்பதே அதனைப் பெருக்கிவிடுகிறது. லபூபூ வரலாறும் இதனின் வேறன்று. 2025 ஜூன் மாதத்தில் பெய்ஜிங்கில் ஆளுயர லபூபூ உருவம் ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போனது. அதே மாதத்தில் நிறுவனம் கூடுதல் சரக்கை வெளியிட்டவுடன் பொம்மைகளின் மறுவிற்பனை விலை சரிந்தது.

விலை ஏறிய கதையும் ஒன்று உண்டு. அதனையும் மறைக்காமல் கூறுவோம். அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1952-ஆம் ஆண்டு வெளியிட்ட பேஸ்பால் வீரர் அட்டைகளுள் மிக்கி மேன்டில் என்பவரின் அட்டை ஒன்று 2022-ஆம் ஆண்டு ஒரு கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் அவ்வரிசையில் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960-ஆம் ஆண்டு தாமே படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பெர்கர் கூறியுள்ளார். இலவசமாகக் கொடுத்தும் கொள்வார் இல்லாத அட்டை அது. அதன் விலை ஏறியதற்குக் காரணம் பல அட்டைகள் அழிந்தமையும், எவரும் அதனைப் பொருளாக மதியாமையும் ஆகும். விலைபோகும் என்று கருதிப் பாதுகாத்தவற்றுக்கு அவ்வாறு நிகழ்வது அரிது.

6. கரையில் கிடக்கும் சோழி

அவ்வாறாயின் விலையின்றிக் கிடைக்கும் பொருளைச் சேர்த்தால் குற்றமில்லையே என்று கேட்கலாம். மாமல்லபுரம் சுற்றுலா சென்று திரும்பும் நம் குடும்பங்கள் சங்கும் சோழியும் சிப்பி மாலையும் வாங்கி வருவது வழக்கம். இதனையும் சற்று ஆராய வேண்டும்.

சோழி என்பது ஓர் உயிரின் ஓடு. அலையில் புரண்டு மணலில் தேய்ந்து கரையொதுங்கும் ஓடு பெரும்பாலும் மங்கலாகவும் உடைந்தும் இருக்கும். கடையில் பளபளக்கும் முழு ஓடுகள் பலவும், உயிருடன் பிடித்த பிராணியைக் கொன்று எடுத்தவை. குழந்தையின் பேழையில் அடுக்கிய பத்துச் சோழிகளுக்குப் பின்னால் பத்து உயிர்கள் இருந்திருக்கக்கூடும். அருகிவரும் சங்கு, சோழி வகைகள் சிலவற்றை மைய அரசு 2001-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. கொல்லாமையும் பொருள் வரைதலும் தனித்தனி விரதங்கள் போலத் தோன்றினும், ஒன்றின் தளர்ச்சி மற்றொன்றைத் தளர்த்தும் என்பதற்கு இது சான்று.

உயிரற்ற ஓடும் பயனற்றதன்று. துறவி நண்டு என்று ஓர் உயிர் உண்டு. அதன் பின்னுடல் மென்மையானது. தனக்கென ஓடு இல்லை. கடற்கரையில் கிடக்கும் வெற்று ஓட்டில் புகுந்து வாழும். உடல் வளர்ந்தபின் அதனை விட்டுச் சற்றுப் பெரிய ஓட்டைத் தேடும். ஒரு காலத்தில் ஓர் ஓடு மட்டுமே அதற்கு வேண்டும். நாம் பை நிறைய அள்ளிவரும் ஓடுகள் அதன் வீடுகள். வெற்று ஓடு கிடைக்காத கரைகளிலும், குப்பை மிகுந்த கரைகளிலும், பிளாஸ்டிக் மூடியைச் சுமந்து திரியும் துறவி நண்டுகள் உலகின் பல பகுதிகளில் படமெடுக்கப்பட்டுள்ளன. நாம் வாங்கி எறிந்தது அதன் முதுகில் ஏறிவிட்டது.

எனவே செய்யூர்க் கடற்கரைக்கோ மாமல்லபுரத்திற்கோ பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம். எத்தனை ஓட்டை வேண்டுமாயினும் எடுத்துப் பார்க்கட்டும், நிறமும் வரியும் கண்டு பெயர் கேட்டு அறியட்டும், ஏட்டில் வரைந்துகொள்ளட்டும், புறப்படும்போது கரையிலேயே வைத்துவிட்டு வரட்டும். அறிவு வீட்டுக்கு வரும். பொருள் இருந்த இடத்தில் இருக்கும்.

7. சலிப்பும் பற்றின்மையும்

1990-களிலும் 2000-களிலும் அட்டை சேர்த்த பிள்ளைகள் இன்று குடும்பத் தலைவர்கள். பரணிலிருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கிப் பார்ப்போர்க்கு ஒரு வகை வியப்பு உண்டாகிறது. அன்று எதற்காக உண்ணாமலும் உறங்காமலும் ஏங்கினோமோ, அது இன்று ஒரு வட்ட அட்டை மட்டுமே. அட்டையைப் பெற்ற நாளின் மகிழ்ச்சியைவிடத் திண்ணையில் அமர்ந்து தோழரோடு மாற்றிக்கொண்ட மாலைகளே நினைவில் நிற்கின்றன. பின்னர் நாம் சேர்த்த கைக்கடிகாரம், கைப்பேசி, பட்டுப்புடவை, காலணி ஆகியவையும் இவ்வாறே ஆகிவிடுமோ என்னும் ஐயம் அப்போது எழுகிறது. இந்த ஐயம் நல்லது. ஆனால் அது செல்லும் வழி இரண்டு.

முதல் வழி வெறுப்பு. வீட்டிலுள்ளவற்றை ஒரே நாளில் வாரி எறிந்துவிட்டு, பொருளாசை பிடித்த உலகம் என்று பழிப்பது. அவ்வாறு செய்தோர் வீடுகளில் சில திங்களுக்குள் புதிய பொருள்கள் வந்து நிறைவதை நாம் காண்கிறோம். எறிந்த இடத்தை அழகுற அடுக்குவதற்கென்றே விற்கப்படும் பெட்டிகளும் வந்து சேர்கின்றன. சலிப்பையும் வணிகம் ஒரு சந்தையாக்கிவிட்டது; இளமை நினைவைக் காட்டிப் பழைய பொம்மைகளைப் பெரியவர்களுக்கே மீண்டும் விற்கிறது.

விருப்பும் வெறுப்பும் ஆகிய இரண்டும் வினை கட்டுதற்குக் காரணம் என்பது நம் நெறியின் அடிப்படை. பொருளை வெறுப்பவன் பொருளையே எண்ணுகிறான். ஆதலின் சலிப்பைப் பற்றின்மை என்று மயங்கலாகாது. சலிப்பு தானே வரும், தானே போகும். பற்றின்மை பயிற்சியால் வருவது. அதற்கு ஓர் எல்லையும் உறுதியும் வேண்டும்.

இரண்டாவது வழி அந்த உறுதி. விரதம் என்பது பொருள் கசந்தபின் செய்யும் துறப்பு அன்று. இனிக்கும்போதே இடும் வரம்பு. உப்பு விளையும் பகுதியில் வாழ்வோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. உப்பைப் பழிப்பார் இல்லை. உப்பில்லாமல் உண்பாரும் சிலரே. எவ்வளவு இட வேண்டும் என்பதைச் சமைப்பவர் கை, உலை கொதிக்கும்போதே அறிந்திருக்கிறது. உண்டபின் அறிந்து பயனில்லை.

முன்னோர்க்கு அளவு காண்பது ஒருவகையில் எளிதாயிருந்தது. நிலம் கண்ணுக்குத் தெரியும். நெல் குதிரில் தெரியும். இன்றைய உடைமைகள் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. தவணையில் வாங்கியது கடனாக மறைந்திருக்கிறது; கைப்பேசி விளையாட்டில் பிள்ளைகள் பணம் தந்து வாங்கும் ஆயுதமும் உடையும் திரைக்குள் மறைந்திருக்கின்றன. தெரியாத பொருளுக்கு வரம்பு இட இயலாது. எனவே முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

8. இல்லத்தில் கைக்கொள்ளத் தக்க முறை

முதலாவது, எண்ணுதல். ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகள் தம் விளையாட்டுப் பொருள்களையும், பெற்றோர் தம் ஆடை, காலணி, கருவிகளையும் எண்ணி ஏட்டில் எழுதுக. பிள்ளைகளை மட்டும் எண்ணச் சொல்லிப் பெரியவர்கள் விலகி நிற்றல் கூடாது. தந்தையின் பட்டியல் நீளமாக இருப்பதைப் பிள்ளை காண்பது இருவர்க்கும் நன்று.

இரண்டாவது, வரைதல். ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண்ணைக் குடும்பமே கூடி முடிவு செய்க. பிள்ளையின் எண்ணைப் பிள்ளையே கூறட்டும். பிறர் இட்ட வரம்பு கட்டளை. தான் இட்டதே விரதம்.

மூன்றாவது, ஈதல். எண்ணைத் தாண்டி ஒன்று வரின், முன்னுள்ள ஒன்றை இன்னொரு குழந்தைக்குக் கொடுத்தபின்னரே அது வீட்டுக்குள் வரலாம். உடைந்ததையும் பழுதானதையும் கொடுத்தல் தானமாகாது.

நான்காவது, காத்தல். கேட்ட பொருளை உடனே வாங்காமல் ஒரு பிறைத் திங்கள் காத்திருந்து, பின்னும் வேட்கை நிலைத்திருப்பின் வாங்கலாம். பல வேட்கைகள் பதினைந்து நாள் நிற்பதில்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வர்.

ஐந்தாவது, பிரித்தல். உணவை உணவுக்காக வாங்குக; விளையாட்டுப் பொருளை அதன் உரு தெரிந்து வாங்குக. உள்ளே இருப்பது இன்னதென்று காட்டாத எதற்கும் பணம் தருவதில்லை என்று குடும்பம் உறுதி கொள்ளலாம்.

இவற்றால் குழந்தையின் சேகரிப்பு ஆர்வம் கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வகைப்படுத்தல், ஒப்பிடல், பொறுமை, நினைவாற்றல் ஆகிய பல நன்மைகள் அவ்வார்வத்தில் உள்ளன. தபால்தலை சேர்த்து உலகப் படம் கற்றோர் பலர். அறிய விரும்பும் ஆர்வத்திற்கு வரம்பு வேண்டா. உடைமையாக்க விரும்பும் ஆர்வத்திற்கே வரம்பு வேண்டும். ஒரே குழந்தையிடம் இவ்விரண்டும் கலந்தே தோன்றும். அவற்றைப் பிரித்தறிந்து ஒன்றை வளர்ப்பதும் மற்றொன்றை அளவில் நிறுத்துவதும் பெற்றோர், பாட்டன் பாட்டியர் ஆகிய நம் அனைவரின் பொறுப்பு.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. தீப்பெட்டிப் படம் சேர்த்ததற்கும் வறுவல் உறை அட்டை சேர்த்ததற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. ஒரு வரிசையில் 12 பொம்மைகள் உள்ளன. எல்லாம் சம அளவில் கலந்துள்ளன. பன்னிரண்டாவது பொம்மைக்கு மட்டும் சராசரியாக எத்தனை பெட்டிகள் வேண்டும்? பன்னிரண்டையும் சேர்க்க ஏறத்தாழ 37 பெட்டிகள் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக் காண்க.

3. சோழி சேர்ப்பதில் கொல்லாமையும் பொருள் வரைதலும் எவ்வாறு தொடர்புறுகின்றன?

4. சலிப்புக்கும் பற்றின்மைக்கும் உள்ள வேறுபாட்டை உம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு விளக்குக.

5. உம் வீட்டில் கண்ணுக்குத் தெரியாத உடைமைகள் எவை? பெரியவர்களும் பிள்ளைகளும் தனித்தனியே எழுதி, பின் ஒப்பிட்டுப் பார்க்க.